மூலைமட்டம் வாங்குவோர்க்கு

மாணவர்களே,

தச்சருடைய பையில் இருக்கும் கருவிகளுள் பெரும்பாலானவை மரத்தின்மேல் தம் வலிமையைக் காட்டுவன. வாள் அறுக்கிறது, உளி செதுக்குகிறது, இழைப்புளி சீவுகிறது, சுத்தியல் அடிக்கிறது. ஒரே ஒரு கருவி மட்டும் மரத்தை ஒன்றும் செய்வதில்லை. மரத்தின் ஓரத்தோடு ஒட்டி நின்று, 'இது நேர், இது கோணல்' என்று சொல்லிவிட்டுப் பைக்குத் திரும்பிவிடுகிறது. அதுதான் மூலைமட்டம். வழக்குமன்றத்தில் சாட்சி செய்யும் வேலையைத் தச்சுப்பட்டறையில் அது செய்கிறது. சாட்சி பொய் சொன்னால் தீர்ப்பும் பொய்யாகும் அல்லவா? எனவே, நல்ல மூலைமட்டத்தைக் குறைந்த விலையில் எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். தச்சுத் தொழிலுக்குச் செல்லாத மாணவர்களும் சற்றுச் செவிசாய்க்க வேண்டும். இது கருவியைப் பற்றிய பேச்சு மட்டுமன்று; நீங்கள் வகுப்பில் படிக்கும் வடிவகணிதம் வாழ்க்கையில் எங்கே உதவும் என்பதைப் பற்றிய பேச்சும் ஆகும்.

மூலைமட்டத்துக்கு இரண்டே உறுப்புகள். கையால் பிடித்து மரத்தின் ஓரத்தில் அணைக்கும் தடித்த பகுதியைப் பிடி என்று சொல்லுவோம். அதிலிருந்து நீண்டு நிற்கும் மெல்லிய எஃகுத் தகட்டை அலகு என்று சொல்லுவோம். இரண்டும் கூடும் இடத்தில் செங்கோணம், அதாவது 90 பாகை இருக்க வேண்டும். கருவியின் பெருமையெல்லாம் அந்த ஒரு கோணத்தில்தான் இருக்கிறது.

அக்கோணம் சிறிது பிசகினால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நம் தஞ்சைத் தரணியின் பழைய வீடுகளில் நெல் சேமிக்கப் பத்தாயம் என்னும் மரப்பெட்டி இருந்தது. இன்றும் சில வீடுகளில் அது உண்டு. மேல்வழியாக நெல்லைக் கொட்டுவார்கள். அடியில் உள்ள சிறு திறப்பின் வழியாக வேண்டும்போது எடுப்பார்கள். பலகைகள் மூலைக்கு மூலை செங்கோணமாகக் கூடினால்தான் அந்தப் பெட்டியில் இடுக்கு இராது. இடுக்கு இருந்தால் எலியும் வரும், அந்துப்பூச்சியும் வரும். ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு, தச்சர் வைத்த ஒரு மூலையை நம்பி உள்ளே கிடக்கிறது.

கதவையும் ஜன்னலையும் எண்ணிப்பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஈரத்தை உண்டு பருக்கிறது. கதவு நிலையோடு உராய்கிறது. உடனே, 'மழைக்கு மரம் பருத்துவிட்டது' என்று சொல்லி அமைதியடைகிறோம். மரம் பருத்ததால் வந்த உராய்வு, பக்கச் சட்டத்தின் நீளம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். மேலே இடைவெளி அகன்றும் கீழே குறுகியும் ஆப்பு வடிவில் தெரிந்தால், ஒன்று கீல் தளர்ந்திருக்க வேண்டும். அன்றி, மூலை கோணலாக இருக்க வேண்டும். மழையின்மேல் போடும் பழி எல்லாம் மழைக்கு உரியதன்று.

இதை ஒரு மாணவனின் அனுபவத்தால் விளக்குகிறேன். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நம் பகுதியில் தென்னையும் மாவும் பலாவும் தேக்கும் சாய்ந்த காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். என்னிடம் பள்ளியில் படித்து, பின்னர்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுத்தொழில் கற்ற ஓர் இளைஞனின் வீடு பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. அவன் தந்தையார் தம் கையால் வைத்து வளர்த்த பலாமரம் அன்று வேரோடு விழுந்தது. அதை விறகுக்கு விற்க அவனுக்கு மனம் வரவில்லை. பலகையாக அறுத்து, நிழலில் அடுக்கி, ஈராண்டு காயவைத்து, புதுப்பித்த வீட்டுக்கு நான்கு ஜன்னல்கள் செய்தான். தந்தையின் மரம் வீட்டை விட்டுப் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

ஜன்னல் கதவுகள் பொருந்தவில்லை. ஒரு மூலை இடித்தது. எதிர்மூலை வாய் பிளந்தது. "ஐயா, அளவெல்லாம் மும்முறை பார்த்துத்தான் வைத்தேன்" என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தான். அவன் சொன்னது உண்மையே. அளவுகோலில் குறையில்லை, கையில் குறையில்லை. புதிதாக வாங்கிய மூலைமட்டத்தில்தான் குறை இருந்தது. எந்தக் கடையில் வாங்கினான் என்பது நமக்கு வேண்டா. விற்றவருக்கும் அது தெரிந்திராது. என் மேசையின்மேல் இரண்டு நிமிடத்தில் அந்தக் குறை வெளிப்பட்டது. அந்த இரண்டு நிமிடச் சோதனையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில், நேரான ஓரம் உடைய ஒரு பலகை வேண்டும். அந்த ஓரம் நேரானதுதானா என்று எப்படி அறிவது? ஒரு தாளில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். பலகையின் ஓரத்தை அவற்றோடு பொருத்தி ஒரு கோடு இழுங்கள். பின்னர்ப் பலகையைப் புரட்டி, கோட்டின் மறுபக்கத்திலிருந்து அதே ஓரத்தை அதே புள்ளிகளோடு பொருத்தி மீண்டும் இழுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிட்டால் ஓரம் நேர். நடுவில் பிரிந்தால் ஓரம் வளைந்தது. அதை இழைத்துச் சரிசெய்த பிறகே மேலே செல்ல வேண்டும். கோணலான ஓரத்தை வைத்துச் செய்யும் சோதனை, மூலைமட்டத்தைப் பற்றி உண்மை சொல்லாது.

இனி, மூலைமட்டத்தின் பிடியைப் பலகையின் நேர்விளிம்பில் நன்றாக அணைத்து, அலகின் ஓரமாகப் பலகையின் முகத்தில் ஒரு கோடு இழுங்கள். மழுங்கிய பென்சில் உதவாது. கோட்டின் தடிமனே பிழையை மறைத்துவிடும். கூர்மையான கத்தியால் கீறுவது மேல். பிறகு மூலைமட்டத்தைப் புரட்டுங்கள். முன்பு இடப்பக்கம் நோக்கியிருந்த பிடி இப்போது வலப்பக்கம் நோக்கட்டும். அலகின் அதே ஓரத்தை முதற்கோட்டின் அடிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இரண்டாவது கோட்டைக் கீறுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரிந்தால், உங்கள் மூலைமட்டம் மெய் சொல்கிறது. நுனியில் இரண்டாகப் பிரிந்து, வயல் வாய்க்கால் கிளை பிரிவது போலத் தெரிந்தால், அது பொய் சொல்கிறது. அலகின் வெளி ஓரத்தைச் சோதித்த பிறகு உள் ஓரத்தையும் இதே முறையில் சோதியுங்கள். ஒன்று நேராகவும் மற்றொன்று கோணலாகவும் இருப்பது உண்டு.

இதில் உள்ள கணக்கைக் கவனியுங்கள். மூலைமட்டம் செங்கோணத்தைவிடச் சிறிது விரிந்திருக்கிறது என்று கொள்வோம். முதல் முறை கோடு ஒரு பக்கம் சாயும். புரட்டி இழுக்கும்போது அதே அளவு மறுபக்கம் சாயும். ஆகவே நாம் காணும் பிளவு, பிழையைப் போல இரண்டு மடங்கு. மறைந்திருக்கும் பிழை தன்னைத் தானே இரட்டித்துக் காட்டிக்கொள்கிறது! அதனால்தான் கண்ணுக்கு எட்டாத குறையும் இந்தச் சோதனையில் கண்ணுக்கு எட்டுகிறது.

அந்த இளைஞன் வைத்திருந்த மட்டத்தின் அலகு 150 மில்லிமீட்டர் நீளம். நுனியில் தெரிந்த பிளவு 1 மில்லிமீட்டர். பாதியை எடுத்துக்கொண்டால் உண்மைப் பிழை அரை மில்லிமீட்டர். 'அரை மில்லிமீட்டர்தானே' என்று தோன்றும். ஜன்னலின் உயரம் 1200 மில்லிமீட்டர். அது அலகைப் போல 8 மடங்கு. ஆகவே பிழையும் 8 மடங்காகி 4 மில்லிமீட்டர் ஆயிற்று. வடிவொத்த முக்கோணங்களைப் பற்றி நீங்கள் படித்த பாடம் இதுதான். நிலைச்சட்டம் ஒரு பக்கம் 4 மில்லிமீட்டரும், கதவு எதிர்ப்பக்கம் 4 மில்லிமீட்டரும் சாய்ந்தால் மொத்தம் 8 மில்லிமீட்டர். ஜன்னல் எப்படி மூடும்? நான்கில் இரண்டை அவன் அறுத்துச் சிறிதாக்கிப் பொருத்திக்கொண்டான். மற்ற இரண்டின் மரம் முக்காலிகளாயிற்று. விழுந்த பலா மீண்டும் எழாது; அறுத்த பலகை மீண்டும் நீளாது. கருவியின் விலையைவிடக் கருவியால் கெடும் பொருளின் விலை பெரிது என்பதை நாம் உணர வேண்டும்.

ஒன்றை இருபுறமும் வைத்துப் பார்த்து உண்மை காணும் இந்த வழி, நம் நாட்டுச் சிற்பிகளுக்குப் புதியதன்று. கோயில் கட்டுமுன் திசை காண்பதற்குச் சங்கு நாட்டும் முறையைச் சிற்ப நூல்கள் கூறுகின்றன. மயமதம் என்னும் நூலிலும் அது உண்டு. சமன்செய்த தரையில் ஒரு கோலை நட்டு, அதை நடுவாகக் கொண்டு வட்டம் இடுவார்கள். முற்பகலில் கோலின் நிழல்நுனி வட்டத்துக்குள் புகும் இடத்தையும், பிற்பகலில் அது வட்டத்தை விட்டு வெளியேறும் இடத்தையும் குறிப்பார்கள். இரண்டையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்கு. அந்த இரண்டு புள்ளிகளையும் மையமாகக் கொண்டு ஒன்றையொன்று வெட்டும் விற்களை வரைந்து, வெட்டும் இடங்களைச் சேர்த்தால், முதற்கோட்டுக்குச் செங்கோணமாக வடக்குத் தெற்குக் கோடு கிடைத்துவிடும். காலை நிழலை மாலை நிழல் சரிபார்க்கிறது. நம் சோதனையில் இடக்கோட்டை வலக்கோடு சரிபார்க்கிறது. கருத்து ஒன்றே.

விலை உயர்ந்த கருவியை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று சிலர் எண்ணுவார்கள். அதற்கு விடை சொல்லத் தஞ்சைப் பெரிய கோயிலிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1010-இல் இராசராச சோழன் காலத்தில் நிறைவெய்திய அக்கோயிலுக்கு, ஏறத்தாழ 800 ஆண்டுகள் கழித்து, 1808-இல், வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி வந்தார். அப்போது தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் இருந்தார். லாம்ப்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, முக்கோணம் முக்கோணமாகத் தென்னாட்டை அளந்துகொண்டு வந்தவர். கோணங்களை அளக்க அவர் வைத்திருந்த தியோடலைட்டு என்னும் கருவி, இலண்டனில் செய்யப்பட்டது. ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. அதன் வட்டம் 36 அங்குல விட்டம் உடையது. நம் சமவெளியில் மலை ஏது? ஆகவே கோயிலின் உயரத்தைப் பயன்படுத்தக் கருதி, அக்கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, வட்டம் வளைந்துபோயிற்று.

லாம்ப்டன் அதைத் தூக்கி எறியவில்லை. 'உயர்ந்த கருவியாயிற்றே, சரியாகத்தான் இருக்கும்' என்று நம்பிவிடவும் இல்லை. ஆறு வாரம் கூடாரத்துக்குள் அமர்ந்து, கருவியைப் பிரித்து, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து, பழைய வடிவுக்கு மிக அருகில் கொண்டுவந்தார். அதன் பின்னும் அது பல ஆண்டுகள் பணிசெய்தது. இலண்டனில் செய்த கருவியும் ஒரு கயிறு அறுந்தால் பிசகிவிடுகிறது. தொழிற்சாலையில் சரியாக இருந்த மூலைமட்டம், வண்டியிலிருந்து இறக்கும்போது ஒருமுறை கீழே விழுந்திருந்தால் அதற்கும் அதே கதிதான். பெயர் பெற்ற முத்திரை நல்ல அறிகுறிதான். ஆயினும் அது சோதனைக்கு ஈடாகாது.

இனி, எதை வாங்குவது? கடையில் 'டிரை ஸ்கொயர்' என்று கேட்டால் பலவகை காட்டுவார்கள். சில நூறு ரூபாய்க்குள் கிடைப்பதும் உண்டு. பல ஆயிரம் சொல்வதும் உண்டு. மரப்பிடியும் எஃகு அலகும் உடையது பார்வைக்கு அழகானது. பித்தளைத் தகடு பதித்தும் வரும். ஆனால் பருவத்துக்குப் பருவம் ஈரம் ஏறி இறங்குவதால் மரப்பிடியின் தறையாணிகள் நாளடைவில் தளரக்கூடும். ஆதலால் ஆண்டுக்கு இருமுறையேனும், மழைக்காலத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாகச் சோதியுங்கள். பிடியும் அலகும் உலோகமாகவே உள்ளது இரும்புப் பட்டறைக்காரர் கையாளுவது. சிறியதாயினும் உறுதியானது, என் கருத்தில் மாணவனுக்கு ஏற்றது இதுவே. மூன்றாவது, தலை நகர்ந்து அலகின்மேல் எங்கும் நிற்கக்கூடியது. அமெரிக்காவில் லராய் ஸ்டாரெட் என்பவர் 1879-இல் உரிமம் பெற்ற அமைப்பு அது. 90 பாகையோடு 45 பாகையும் காட்டும். துளையின் ஆழமும் பார்க்கலாம். ஆனால் மலிவான வகையில் திருகை இறுக்கிய பின்னும் தலை ஆடுவதுண்டு. ஆடுவதை வாங்காதீர்கள்.

பெரிய மூலைமட்டம் வாங்கப் பணம் இல்லையே என்று யாரும் வருந்த வேண்டா. 6 அங்குல மட்டம் ஒன்று மெய்யானதாக இருந்தால் போதும். பெரிய சட்டங்களுக்குக் கயிறே மூலைமட்டம். வீட்டுக்குக் கடைக்கால் போடும்போது கொத்தனார் என்ன செய்கிறார் என்று பார்த்திருப்பீர்கள். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்கிறார். 9-ம் 16-ம் சேர்ந்தால் 25 அல்லவா? பிதாகரஸ் பெயரால் நீங்கள் படிக்கும் தேற்றம் அதுவே. வேள்விக் களங்களைக் கயிற்றால் அளக்க எழுந்த பௌதாயனரின் சுல்ப சூத்திரத்திலும் அவ்வுண்மை கூறப்பட்டுள்ளது. சட்டத்தைக் கூட்டிய பின் இன்னும் எளிய வழி உண்டு. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்கும் சட்டத்தில் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவை சமமானால் நான்கு மூலையும் செங்கோணம். பசை காயுமுன் இதைப் பார்த்துவிட வேண்டும்; காய்ந்த பின் பார்ப்பது வெள்ளம் வடிந்தபின் அணை போடுவதாகும்.

கடைக்குச் செல்லும்போது, சோதித்த நேர்விளிம்புடைய சிறு பலகை ஒன்றையும் கத்தி ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். கடைக்காரரிடம் பணிவாகச் சொல்லி, ஐந்தாறு மட்டங்களைச் சோதித்து, பிளவு மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். நேர்மையான வணிகர் இதைக் குறையாக எண்ணமாட்டார்.

மூன்று நண்பர்கள் சேர்ந்து மூன்று மட்டங்கள் வாங்கினால் மற்றொரு சோதனையும் செய்யலாம். நேர்விளிம்பின்மேல் இரண்டை எதிரெதிராக நிறுத்தி, அலகுகளின் வெளி ஓரங்களைச் சேர்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையே ஒளி தெரியாவிட்டால் இரண்டு கோணங்களும் கூடி 180 பாகை. ஆனால் ஒன்று விரிந்தும் மற்றொன்று அதே அளவு குறுகியும் இருந்தாலும் கூட்டுத்தொகை 180 ஆகலாமே! இரண்டு பொய்ச்சாட்சிகள் ஒத்துப்பேசுவது போன்றது அது. மூன்றாவதைக் கொண்டு முதலாவதையும் சோதியுங்கள், இரண்டாவதையும் சோதியுங்கள். மூன்று இணைகளிலும் ஒளி புகாவிட்டால் மூன்றும் செங்கோணமே. இதை இயற்கணிதச் சமன்பாடுகளால் நிறுவுவதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

வாங்கிய கருவியைப் பேண வேண்டும். அதைச் சுத்தியலாக்காதீர்கள், பெட்டி திறக்கும் நெம்புகோலாக்காதீர்கள். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் எஃகு விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். கீழே விழுந்தால் சோதிக்காமல் மறுபடி கையாளாதீர்கள். ஒரே தகட்டாலான பெரிய மூலைமட்டம் பிசகினால் அனுபவமுள்ள கைகள் அதைத் திருத்திவிடும். கோணம் குறுகியிருந்தால் உள்மூலை அருகேயும், விரிந்திருந்தால் வெளிமூலை அருகேயும் புள்ளிகுத்தும் உளியால் மெல்லத் தட்டுவார்கள். தட்டிய இடத்தில் உலோகம் சிறிது பரவ, கோணம் திருந்தும். ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் சோதனை வேண்டும்.

மாணவர்களே! ஏழைத் தொழிலாளிக்கு விலையுயர்ந்த கருவி எளிதில் கிட்டுவதில்லை. ஆனால் சோதிக்கும் அறிவு யாருக்கும் விலையின்றிக் கிட்டும். அந்த அறிவு கையில் இருந்தால் மலிவான கருவியையும் நம்பத்தக்கதாக ஆக்கிக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் விலையுயர்ந்த கருவியும் நம்மை ஏமாற்றலாம். இதற்கு நீங்கள் நாளைவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தாளை எடுத்து ஒருமுறை மடியுங்கள். நேரான ஓரம் கிடைக்கும். அந்த ஓரம் தன்மீதே பொருந்தும்படி மறுமுறை மடியுங்கள், செங்கோணம் கிடைக்கும். உங்கள் கணிதப் பெட்டியில் இருக்கும் மூலைமட்டத்தை அதன் அருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்தால் மகிழுங்கள். ஒவ்வாவிட்டால், எது மெய், எது பொய் என்று கண்டறியும் வழி இப்போது உங்களுக்குத் தெரியும்.